வேதாரண்யம் – கோடியக்கரை சதுப்பு நிலத்தில் கிராவல் சைக்கிள்: முழுமையான வழிகாட்டி

கோடியக்கரை வட்டாரத்தில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. காட்டுக்குள் ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம். அதுவும் கடல்மட்டத்திலிருந்து நாலு மீட்டர் சொச்சம்தான். இதைக் கேட்டதும் புதியவர்கள் தூரத்தை மட்டும் வைத்துத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். ஏற்காடு ஏறிய காலுக்கு இதெல்லாம் எம்மாத்திரம், 90 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

இங்கே ஆளைச் சாய்ப்பது மண்ணும் காற்றும். எந்த மாதம், எந்தத் திசை, எந்த மண் என்று முடிவான பிறகுதான் எத்தனை கிலோமீட்டர் என்ற பேச்சுக்கே வர வேண்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. மற்ற மாதங்களில் ஓட்டவே முடியாது என்றில்லை. முதல்முறை வருகிறவருக்கு இதுதான் தோதான காலம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். இந்தக் கரையோரத்துக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டும். காவிரியின் கடைமடை என்பதால் மேலேயிருந்து வடிகிற தண்ணீரும் இங்கேதான் வந்து சேரும். அந்த நாட்களில் வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூடப் போக முடியாது. புயல் காலமும் அதுதான். 2018 நவம்பரில் கஜா கரையேறியது இந்தப் பக்கம்தான்.

பொங்கல் முடிந்ததும் மண் இறுகத் தொடங்கும். வலசை வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. காலை பத்து மணி வரை வெயிலும் தாங்கும். இது எல்லாம் ஒன்றாகக் கூடிவரும் காலம் ஆறு வாரம் இருந்தால் அதிகம்.

கோடையில் வெயிலைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பார்கள். இடையில் ஆறு, வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். அள்ளிய மண்ணைக் கரைமேலேயே குவித்து வைப்பதால், போன மாதம் சைக்கிள் போன கரையில் இந்த மாதம் ஆடுகூட ஏறாது.

## 2. காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்

தை, மாசியில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ அடிக்கும். ஆகவே நீள ஓட்டம் வடக்கே தொடங்கித் தெற்கே முடிய வேண்டும். அதாவது வேளாங்கண்ணியில் ஏறி வேதாரண்யத்தில் இறங்குவது. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் விழுந்தமாவடி வருவதற்குள் முகம் சுண்டிப்போய் வருவார்கள்.

மலையில் ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும், கால் ஓய்வெடுக்கும். இங்கே எதிர்காற்று தொடங்கினால் முடிவே இல்லை. உப்பளப் பகுதியில் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. பின்காற்றில் மணிக்கு 22 கிலோமீட்டரில் வந்தவர் அதே உழைப்பைப் போட்டு 14, 15ல் திரும்ப வேண்டியிருக்கும். தூரம் அதேதான், நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு.

போய்த் திரும்ப வேண்டிய ஓட்டம் என்றால் எதிர்காற்றை முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு புதிதாக இருக்கும். காற்றும் விடிகாலையில்தான் அடங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று சேர்ந்துகொள்ளும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது இந்தக் கணக்கு எல்லாமே மாறும்.

## 3. பாதையை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்

செயற்கைக்கோள் படத்தில் வேதாரண்யம் சதுப்பு வெள்ளை வெளேரென்று, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் போலத் தெரியும். அந்தப் படம் பெரும்பாலும் கோடையில் எடுத்தது. ஜனவரியில் அதே இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பார்க்க வசதி இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரிப் படங்களைத் தேடி எடுத்து அவற்றின்மேல் பாதையைப் போடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பாலம். இந்தக் கடைமடையில் வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று வரிசையாக ஆறுகள். கடற்கரைக்கு இணையாக ஓடும் வேதாரண்யம் கால்வாய் வேறு. கரைமேல் பாதை இருக்கும், ஆனால் அக்கரைக்குப் போக வழி இருக்காது. தவறான கரையில் ஏறிவிட்டால் கூப்பிடு தூரத்தில் தெரியும் ஊருக்குப் போகப் பல கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் ஒவ்வொரு பாலத்தையும் குறியுங்கள். மதகும் பாலமும் ஒன்றல்ல. மதகின்மேல் ஆள் நடக்கலாம், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது வேறு விஷயம்.

மூன்றாவது, மேடு பள்ளம். நாலு மீட்டருக்குள் என்ன மேடு என்று கேட்கலாம். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கம் பழைய மணல் திட்டுகள் உண்டு. ஊரும் மாந்தோப்பும் பூந்தோட்டமும் அந்தத் திட்டுகளில்தான் இருக்கும். திட்டுகளுக்கு நடுவே தாழ்வான களிமண் வயல். மழை பெய்தால் திட்டு ஒரே நாளில் வடிந்துவிடும். வயல்வெளிப் பாதை ஒரு வாரம் ஆனாலும் காயாது. ஆகவே இரண்டு பாதை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருந்தால் வாய்க்கால் கரை, முந்தின நாள் மழை பெய்திருந்தால் திட்டுப் பாதை.

வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சதுப்பின் நடுவில் சிக்னலை நம்ப முடியாது.

## 4. சைக்கிளும் டயரும்

மண்பாதைக்கும் கப்பிச் சாலைக்குமென்று அகல டயரோடு வரும் கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. 40 மில்லிமீட்டர் டயர் உட்காருகிற ஹைப்ரிட் போதும். முன் சஸ்பென்ஷன் இங்கே வீண் பாரம்; உப்பும் மணலும் அதன் சீலைத் தின்றுவிடும். 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு பைக்கோடு வருகிறவர்களைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிடுவது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். 50 மில்லிமீட்டர் டயரை நெருக்கிப் போட்டு வருகிறவருக்கு முதல் களிமண்ணிலேயே சக்கரம் இறுகிக்கொள்ளும். இடைவெளியோடு 42 போடுவதே மேல். மட்கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், அதே காரணம்தான்.

காற்றழுத்தம்: 70 கிலோ எடையுள்ளவர், 42 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர் என்றால் முன்னே 30, பின்னே 33 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். ட்யூப் போட்டிருந்தால் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள்; குறைத்தால் கப்பிக் கல்லில் ரிம் இடித்து ட்யூப் கிள்ளிக்கொள்ளும். புதியவர்கள் ரோட்டில் உருளுகிற வேகத்தைப் பார்த்து 50, 60 அடித்து வருகிறார்கள். மணலில் அந்த டயர் கத்தி மாதிரி இறங்கும்.

முடிந்தால் ட்யூப்லெஸ். காரணம் ஒன்றே ஒன்று, சீமைக்கருவேல முள். டயருக்குள் இருந்து ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட்டைக் கிளம்பும் வாரத்தில் புதிதாக ஊற்றுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு முன் ஊற்றியது டயருக்குள் ரப்பர் உருண்டையாகக் கிடக்கும். குலுக்கினால் சத்தம் வரும், ஓட்டையை அடைக்காது.

கியரில் மேல்வரிசை அவ்வளவாகத் தேவைப்படாது. மணலுக்கும் எதிர்காற்றுக்கும் இலகுவான கியர் இரண்டு கூடுதலாக இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும்.

## 5. கையோடு எடுத்துப் போக வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். அடிபம்பைப் பார்த்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். வேதாரண்யத்தைத் தாண்டுவதற்குள் எல்லாப் பாட்டிலும் நிறைந்திருக்க வேண்டும்.

இரண்டு ட்யூப், ஒட்டுப்போடும் பொருட்கள், டயர் லீவர், கைப்பம்பு, ட்யூப்லெஸ் ஆணி (டயர் ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் துண்டு), அறுந்த செயினை இணைக்க ஒரு குவிக் லிங்க், உங்கள் சைக்கிளுக்கு உரிய டிரெய்லர் ஹேங்கர் (பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லரை ஃபிரேமோடு பிணைக்கும் சின்னத் தகடு). ஹேங்கர் எதற்கு என்பது 9வது படியில் வரும். ஒரு சின்ன மரக்குச்சி அல்லது பழைய டூத் பிரஷ், களிமண் நோண்ட. முள் பிடுங்க நுனி கூரான இடுக்கி.

அடையாள அட்டை அவசியம். எதிரே இலங்கை என்பதால் இந்தக் கடற்கரையில் பாதுகாப்புக் கண்காணிப்பு எப்போதும் உண்டு. ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக விடியற்காலையில் மண்பாதையில் வருகிறவனை யார் என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பின்விளக்கு. தை மாதக் காலையில் வயல்வெளியில் மூடுபனி இறங்கும், உப்பு லாரிக்காரருக்கு நம்மைத் தெரியாது.

## 6. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது

இந்தப் படியைத் தாவிவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

கோடியக்கரை 1967லிருந்து சரணாலயம். வேதாரண்யம் சதுப்பையும் சேர்த்து 2002ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாதை இருக்கிறதே, கேட் திறந்துதானே கிடக்கிறது என்பதெல்லாம் பதிலாகாது.

கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை ஊருக்குப் போகும் தார்ச்சாலையில் ஓட்டலாம். அதிலிருந்து காட்டுக்குள் பிரியும் மண்பாதைகளில் இறங்குவதற்கு முன் வனத்துறையிடம் கேளுங்கள். சைக்கிளை விடுவார்களா, எந்த நேரத்தில், ஆள் கூட வருவாரா என்பதெல்லாம் அவர்கள் முடிவு. முந்தின நாளே கேட்டுவிட்டால் காலை நேரம் வீணாகாது. வேண்டாம் என்றால் சைக்கிளை நிறுத்திவிட்டு, அவர்கள் அனுமதிக்கும் வண்டியிலோ நடந்தோ போங்கள்.

உப்பளம் பொதுவழி அல்ல, ஒருவருடைய தொழிலிடம். பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்பு மண்ணை மிதித்துப் பூசியது. சைக்கிள் டயர் ஒரு பள்ளம் போட்டால் அடுத்த பாத்தித் தண்ணீர் கசிந்து அவர்கள் வாரக்கணக்கில் காய்ச்சிய உப்புநீர் கெட்டுவிடும். லாரியும் டிராக்டரும் போகிற அகலப் பாதையில் மட்டும், அதுவும் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டுங்கள். “அண்ணே, இப்படியே போனா ரோடு ஏறலாமா?” என்று கேட்டால் அனுமதியும் கிடைக்கும், வழியும் கிடைக்கும்.

## 7. மண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த ஒரு படியை நன்றாகக் கற்றுக்கொண்டால் மற்றவற்றில் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஒரே காலையில் நாலு வகைத் தரை வரும். ஒவ்வொன்றுக்கும் ஓட்டுகிற விதம் வேறு.

கிராவல், கப்பிச் சாலை. ஊரை ஊருடன் இணைக்கும் பாதைகள். இங்கே யாருக்கும் சிக்கல் வருவதில்லை. டிராக்டர் சக்கரம் போன தடத்தில் ஓட்டினால் போதும். நடுவே குவிந்த உதிரிக் கல்லில் ஏறாதீர்கள்.

களிமண். வாய்க்கால் கரையெல்லாம் இதுதான். காய்ந்தால் சிமென்ட், நனைந்தால் பசை. இடைநிலை கிடையாது. காய்ந்த களிமண்ணில் மாட்டுக் குளம்பும் டிராக்டர் தடமும் பதிந்து கெட்டித்துப்போயிருக்கும். அந்தத் தடத்துக்குள் முன்சக்கரம் விழுந்தால் ஹேண்டிலைத் திருப்பி வெளியே வர முயலக் கூடாது. சக்கரம் பக்கவாட்டில் முட்டி ஆளைத் தூக்கி வாய்க்காலில் போடும். தடம் ஆழம் குறைகிற இடம் வரை அதிலேயே போய் வெளியே வாருங்கள். அறுவடை சமயத்தில் செயின் வைத்த அறுவடை மெஷின் ஏறி இறங்கிய கரைகளில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அங்கே கையைத் தளர்த்தி, எடையை இருக்கையிலிருந்து காலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஈரக் களிமண் என்றால் ஒரே விதி: இறங்குங்கள். இன்னும் இருபது அடிதானே என்று மிதிக்கிறவரின் சைக்கிளைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். டயரைச் சுற்றி இரண்டு விரல் தடிமனுக்கு மண், அதில் வைக்கோலும் சருகும் கலந்து ஃபோர்க்குக்குள் செங்கல் போல இறுகியிருக்கும். அந்த நிலையிலும் பெடலை அழுத்தினால் செயின் டிரெய்லரை இழுத்து வளைத்துவிடும். தள்ளவும் முடியாது, சக்கரம் சுற்றாது. தோளில் தூக்கிக் கரையோரப் புல்லில் நடக்க வேண்டியதுதான். புல் இருக்கும் இடத்தில் சைக்கிளைத் தள்ளினால் மண் ஒட்டாது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

மணல். வேட்டைக்காரனிருப்பு, புஷ்பவனம் பக்கம் சவுக்குத் தோப்புப் பாதைகளில் வரும். மணலைக் கண்டதும் பிரேக் பிடிப்பது புதியவர்களின் முதல் தவறு. நுழைவதற்கு முன்பே கியரை இலகுவாக்கி, உடம்பைக் கொஞ்சம் பின்னே தள்ளி, ஒரே சீராக மிதித்துக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரம் லேசாக ஆடும், ஆடட்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து நேராக்க முயன்றால் அங்கேயே கவிழும். சவுக்குச் சருகு மெத்தென்று படிந்த ஓரம் இருந்தால் அதில் ஏறுங்கள், மணலைவிடக் கெட்டியாக இருக்கும்.

உப்புச் சேறு. ஆபத்தானது இதுதான். சதுப்பின் ஓரத்தில் தண்ணீர் வற்றிய இடத்தில் மேலே வெள்ளை ஏடு கட்டியிருக்கும், காய்ச்சிய பாலில் படிகிற ஆடை மாதிரி. பார்த்தால் மைதானம் தோற்கும். ஏட்டின் கனம் அரை அங்குலம்கூட இருக்காது. அடியில் கறுப்புச் சேறு. ஓரத்தில் சைக்கிளைத் தாங்கும், பத்து மீட்டர் உள்ளே போனதும் முன்சக்கரம் அச்சு வரை இறங்கும். கால் ஊன்றினால் காலும் இறங்கும். சைக்கிள் ஷூ சேற்றிலேயே தங்கிவிட, வெறுங்காலோடு வெளியே வந்தவர்களும் உண்டு.

சோதிப்பது எளிது. டிராக்டர் தடம் இருக்கிறதா? இல்லையென்றால் போகாதீர்கள். தடம் இருந்தால் அதன் ஓரம் உடைந்து கறுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்பு தெரிந்தால் அது நேற்றுச் சிக்கிய டிராக்டரின் தடம். பிறகு இறங்கி, குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். நீர் கசிந்தாலோ தரை அதிர்ந்தாலோ திரும்பிவிடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பளிச்சென்ற வெள்ளையாக இருப்பதாலேயே காய்ந்தது என்று அர்த்தமில்லை.

மாட்டிக்கொண்டால் முன்னே போகாதீர்கள். சைக்கிளைப் படுக்கப் போட்டு அதன்மேல் எடையைச் சாய்த்து, வந்த வழியே காலை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். கூட வந்தவர்கள் உதவுவதாக உள்ளே இறங்கக் கூடாது.

## 8. முதல் நாள்: சின்னச் சுற்று

முதல் நாளே நீள ஓட்டம் வேண்டாம். வேதாரண்யத்தில் தங்கி, அகத்தியன்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை போய்த் திரும்புங்கள். ஒரு வழி ஏறத்தாழ 11 கிலோமீட்டர். முதுகெலும்பு போலத் தார்ச்சாலை இருப்பதால் ஏதாவது ஆனால் ஏறிக்கொள்ளலாம், வண்டி கிடைக்கும். கிராவலும் உப்பளப் பாதையும் அதிலிருந்து பிரிந்து கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பார்க்கலாம்.

காலை ஆறு மணிக்குச் சக்கரம் சுற்ற வேண்டும். ஜனவரியில் ஆறரை மணி வாக்கில்தான் சூரியன் வரும், அதற்குள் அகத்தியன்பள்ளி தாண்டிவிடலாம். இருபக்கமும் உப்பளம், மேலே கீற்று வேய்ந்த உப்புக் குவியல்கள். ஜனவரி என்றால் பல பாத்திகளில் மழைநீர் நிற்கும், வேலை சூடுபிடித்திருக்காது.

இந்த ஓட்டத்தின் நோக்கம் தூரம் அல்ல. டயர் அழுத்தத்தைச் சரிபார்ப்பதும் உட்காரும் விதத்தைச் சரிசெய்வதும்தான். கையளவு பாதையில் மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும் இடத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு பிஎஸ்ஐ குறைத்து ஒருமுறை, கூட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் எடைக்கு எது சரி என்பது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

சமதளத்தில் இன்னொரு தொல்லை, உட்கார்ந்த உட்கார்வு மாறாது. இறக்கம் இல்லாததால் மிதிப்பதை நிறுத்த முடியாது. கை மரத்துப்போகும், இடுப்புக்குக் கீழே எரியும். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். கை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். வலி வந்தபிறகு செய்வதில் பயனில்லை.

பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். கோடியக்கரையில் பெரிய ஓட்டல் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இட்லிப் பொட்டலம் கையில் இருந்தால் ராஜா.

## 9. இரண்டாம் நாள்: வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம்

சாலை வழியாகப் போனால் 40 கிலோமீட்டரை ஒட்டி வரும். மண்பாதைகளில் உள்ளே நுழைந்து வந்தால் 50, 55 ஆகும். அதற்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள், நிற்கிற நேரத்தையும் சேர்த்து.

வேதாரண்யத்திலிருந்து சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றி, விடிவதற்கு முன் வேளாங்கண்ணியில் இறங்குவதுதான் வசதி. டிரெய்லர் இருக்கும் பக்கம் மேலே வருகிற மாதிரிப் படுக்க வையுங்கள், நடுவே சாக்கு போடுங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியன்பள்ளி வரை 2023லிருந்து அகலப்பாதை ரயில் ஓடுகிறது. சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்து வருகிறவர்களுக்கு அது தோது. நேரத்தை முதல்நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

காமேஸ்வரம், விழுந்தமாவடி, வேட்டைக்காரனிருப்பு, நாலுவேதபதி, புஷ்பவனம் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு ஊரிலும் சாலைக்குத் திரும்பி வர வழி இருப்பதுதான் இந்தப் பாதையின் பலம். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே மட்டும் மண்ணில் இறங்குங்கள். அடுத்த துண்டு முடியுமா என்பதை ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்கும்போது “பாதை நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்பார்கள். “டூவீலர் போகுதா?” என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும்.

இனி ஹேங்கர் கதை. தை, மாசியில் சம்பா அறுவடை. சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், சில இடங்களில் வைக்கோலையும் பரப்பியிருப்பார்கள். நெல்மேல் ஏற்றக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோல்மேலும் ஏற்றாதீர்கள். அது கேசட்டில் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கில்) சுற்றி, டிரெய்லரின் சின்னச் சக்கரத்துக்குள் போய், ஒரே மிதியில் டிரெய்லரைச் சக்கரக் கம்பிக்குள் இழுத்துக்கொள்ளும். ஹேங்கர் உடைவது அப்படித்தான். இறங்கித் தூக்கிக் கடந்துவிடுங்கள். சிக்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மிதிப்பதை நிறுத்தி, பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, கையால் உருவி எடுங்கள்.

மீனவர் குப்பங்களை ஒட்டி நாய்கள் துரத்தும். வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் நாலு வீடு தள்ளி விட்டுவிடும்.

## 10. பறவையும் மானும் எதிர்ப்பட்டால்

சதுப்பில் பூநாரைக் கூட்டத்தைக் கண்டதும் கிட்டே போய்ப் படம் எடுக்கத் தோன்றும். அவை தலையைத் தண்ணீருக்குள் விட்டு இரை தேடிக்கொண்டிருக்கும் வரை நீங்கள் இருக்கும் தூரம் சரி. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள். பறந்துவிட்டால் உங்களுக்குப் படம் கிடைக்கலாம். அவற்றுக்குக் காலை உணவு போச்சு. பைனாகுலர் ஒன்று குழுவுக்குப் போதும்.

நேராகப் பறவையை நோக்கி ஓட்டுவதைவிடப் பக்கவாட்டில் கடந்து போவதை அவை பொறுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் சைக்கிளைவிட, நின்று இறங்கும் மனிதனைக் கண்டுதான் அதிகம் மிரளும்.

கோடியக்காட்டுச் சாலையில் வெளிமான் குறுக்கே ஓடினால் முதல் மான் போனதும் கிளம்பிவிடாதீர்கள். பின்னாலேயே அடுத்தது வரும், அது உங்களைப் பார்க்காது. காட்டுக்குதிரைகளும் உண்டு, அவற்றுக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை, வழி விடாது. சுற்றிக்கொண்டு போங்கள். குரங்குகள் இருக்கும் இடத்தில் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டாம்.

## 11. முள் குத்தினால்

ட்யூப்லெஸ் என்றால் முள்ளை உடனே பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருக்கும். ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி, சீலன்ட் வந்து சேர ஒரு நிமிடம் நிறுத்துங்கள். காற்று நிற்கிறதா? அப்படியே ஓட்டுங்கள், பிடுங்குவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ட்யூப் என்றால், புது ட்யூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். விரல் நுனியால் மெதுவாக. சீமைக்கருவேல முள் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும், வெளியே இருந்து தெரியாது. இதைச் செய்யாதவர்களுக்குப் பத்து நிமிடத்தில் இரண்டாவது ட்யூபும் போகும். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். முள் கிளையில்தான் ஏறியிருப்பீர்கள், கூட இன்னும் இரண்டு இருக்கும்.

வேலி வெட்டிப் போட்ட பாதைகளில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடப்பதுதான் மலிவு.

## 12. திரும்பிய அன்றே சைக்கிளைக் கழுவுங்கள்

களைப்பாக இருக்கிறது, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். ஒரே இரவில் செயின் செம்பழுப்பாகும். கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நடப்பது இன்னும் மோசம்: ஸ்போக் நிப்பிள், கேபிள் நுனி, ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் திருகு. கிளீட் திருகு துருப்பிடித்து இறுகினால் ஷூவையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

நல்ல தண்ணீரில், வாளியும் துணியும் வைத்துக் கழுவுங்கள். தங்கிய இடத்துக் குழாய்த் தண்ணீர் கரித்தால் கேன் தண்ணீர் வாங்கிக் கடைசியாக ஒருமுறை அலசுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பைப்பைச் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப், பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட் பக்கம் காட்டாதீர்கள். உப்புநீரைப் பேரிங்குக்குள் நாமே அனுப்பியதாகும்.

களிமண் ஒட்டியிருந்தால் ஊறவைத்து எடுங்கள். காய்ந்த மண்ணைத் துணியால் தேய்த்தால் பெயின்ட் போய்விடும். துடைத்து, நிழலில் காயவைத்து, செயினைக் கையால் உலர்த்திய பிறகே எண்ணெய். அடுத்த நாளும் ஓட்டுவதாக இருந்தால் மெழுகு வகை நல்லது. கொழகொழப்பான எண்ணெயில் மணல் ஒட்டி அரைக்கும்.

ஊருக்குப் போனதும் சீட் போஸ்ட்டை ஒருமுறை உருவி, சட்டகத்துக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். விட்டுவைத்த முட்களையும் இப்போது பிடுங்கலாம். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிற இடத்தில் மட்டும் ஆணி போட்டால் போதும்.